ஒற்றியூர்க் கடற்கரையில் வழிநடையும் பாட்டும்

சென்னையின் வடபால் இராயபுரத்தினின்று புறப்பட்டுத் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் ஆகியவற்றைக் கடந்து எண்ணூர்க் கழிமுகத்தை நோக்கிக் கடலோரமாகச் செல்லும் நெடுஞ்சாலையை இன்று அறிந்தோர், துறைமுகத்திற்குச் சரக்குப் பெட்டகங்களைச் சுமந்து செல்லும் லாரிகளின் வரிசையாலேயே அதனை அறிவர். மீன்பிடி துறைமுகம், தொழிற்கூடங்கள், மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர்ப் பகுதியின் மின் நிலையங்கள் என்பன அந்நிலத்திற்கு வேறொரு முகத்தைத் தந்துவிட்டன. ஆயினும் இச்சாலையைச் சார்ந்து, காலையில் நடக்கத் தொடங்கும் ஒருவன் நண்பகலுக்குள் கண்டு முடிக்கத்தக்க தொலைவிலேயே, குணங்குடி மஸ்தான் சாகிபு அடங்கிய தர்காவும், படகோட்டும் குலத்தார் எழுப்பிய புனித இராயப்பர் ஆலயமும், 1910இல் அமைந்த பார்சிகளின் தீக்கோயிலும், பட்டினத்தார் அடங்கிய இடமெனப் போற்றப்படும் கடற்கரைச் சமாதியும், மூவர் பாடல் பெற்ற ஆதிபுரீசுவரர் கோயிலும் உள்ளன.

அருகருகே இருத்தல் வேறு. ஒன்றையொன்று கேட்டல் வேறு. துறைமுக ஊர் எதுவாயினும் பல சமயக் கோயில்கள் அண்மையில் அமைதல் இயல்பே. அதனையே சமய ஒருமை எனக் கொண்டாடுதல் விழா மேடைக்குப் பொருந்துமேயன்றி ஆராய்ச்சிக்குப் பொருந்தாது. இக்கடற்கரையில் சமயங்கள் மெய்யாகவே ஒன்றையொன்று தொட்ட இடங்கள் சில உண்டு. அவை வாத மண்டபங்கள் அல்ல. தம் ஊர் விட்டு நடந்து வந்தோர் தங்கிய இடங்களும், ஒருவர் பாட்டை மற்றொருவர் அமர்ந்து கேட்ட இடங்களுமே அவை. இதனை நிறுவுதலும், அவ்வாறு எய்திய ஒருமை ஒரே வகையினதன்று என்று காட்டுதலும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் கல்வெட்டுச் சான்று ஒன்றைக் காண்போம். கி. பி. 949இல் தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமேல் இருந்தவாறே உயிர் துறந்தான். அவனோடு கேண்மை பூண்டிருந்த கேரள நாட்டு அறிஞன் வல்லபன் என்பான், தன் தலைவனோடு களத்தில் மாளும் பேறு பெறாமைக்கு நாணி, உலக வாழ்வை வெறுத்துக் கங்கையில் நீராடி, பின்னர்த் திருவொற்றியூரை அடைந்து, நிரஞ்சன குரு என்பாரிடம் துறவு பெற்றுச் சதுரானன பண்டிதன் என்னும் பெயரோடு அங்குள்ள மடத்தின் தலைமையை ஏற்றான். கேரளத்திலிருந்து சோழ நாடு, போர்க்களத்தை இழந்த நாணத்தோடு கங்கை, கங்கையினின்று ஒற்றியூர் என்னும் இந்நெடுவழி முழுவதையும் அக்கல்வெட்டு கூறுகின்றது. அது யாருடைய ஆட்சியாண்டைக் குறித்துத் தொடங்குகின்றது என்பது மாணவர் கருதத்தக்கது. இராசாதித்தனைக் கொன்ற படைக்குரிய இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனின் 20ஆம் ஆண்டு அது. நண்பனைக் கொன்றவனின் ஆட்சியாண்டைத் தலைப்பில் தாங்கியே நண்பனை இழந்தவனின் துறவு வரலாறு கல்லில் ஏறியது. அக்காலக் கல்வெட்டு மரபு அது என்று எளிதிற் கடந்து விடலாம். எனினும் பகையும் துறவும் ஒரே கல்லில் அடங்கியிருத்தலைப் படிக்கும்போது நெஞ்சம் சற்றுத் தயங்குகின்றது.

இரண்டாவது சான்று ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் பிற்பட்டது. இரண்டாம் இராசாதிராசன் காலத்துக் கல்வெட்டொன்று, பங்குனித் திருவிழாவில் மகிழமரத்தின்கீழ் இறைவன் எழுந்தருளியிருக்க, அரசன் ஆளுடைய நம்பியின் புராணத்தைக் கேட்டு அமர்ந்திருந்த செய்தியைக் கூறுகின்றது. உடனிருந்தோர் மடத்தலைவராகிய சதுரானன பண்டிதரும், சோம சித்தாந்தம் உரைப்பவராகிய வாகீச பண்டிதரும் ஆவர். (சதுரானனர் என்பது அம்மடத்தில் வழிவழி வந்த பட்டப்பெயர்; தக்கோலப் போருக்குப்பின் துறந்தவரே இவர் என மயங்கற்க.) சோம சித்தாந்தம் காபாலிகச் சார்புடையது; தேவார மரபினர் அதனைத் தம் நெறியாகக் கொண்டாரல்லர். கொள்கையளவில் வேறுபட்டோர் ஒரு மரத்தடியில் ஒரு தமிழ்க் கதைக்குச் செவி சாய்த்தனர். அக்கதை யாது? சங்கிலியாரை மணந்து, 'உன்னைப் பிரியேன்' என்று அம்மகிழின்கீழ் உறுதி கூறிய சுந்தரர், ஆரூர் நினைவு மேலிட ஊரெல்லையைக் கடந்து கண்ணிழந்த கதை. ஒற்றியூரின் முதற்பெருங்கதை ஒரு பயணத்தின் துயர்க்கதையே என்பது வியப்பிற்குரியது. வந்தவரை ஏற்கும் ஊர், பிரிபவரைத் தண்டிக்கவும் செய்தது!

பட்டினத்தாரைப் பற்றி ஈண்டு விரித்துரைக்க வேண்டுவதில்லை. பதினோராந் திருமுறைப் பட்டினத்தாரும், பிற்காலத்துத் துறவுப் பாடல்களைப் பாடிய பட்டினத்தாரும் வேறு வேறாவர் என்பது ஆராய்ச்சியாளர் பலர்க்கும் உடன்பாடு. வணிகத்தை விட்டுக் கால்நடையாகத் திரிந்த துறவி ஒருவர் இக்கடற்கரையில் வந்து முடிவெய்தினார் என்னும் நினைவு, பின்வந்த துறவியர்க்கு இந்நிலத்தை உரியதாக்கிற்று என்பது போதும்.

இனி, இக்கட்டுரையின் நடுப்பொருளாகிய குணங்குடியாரிடம் வருவோம்.

சுல்தான் அப்துல் காதிர் என்னும் இயற்பெயருடைய மஸ்தான் சாகிபு 1792இல் தொண்டியை அடுத்த குணங்குடியில் பிறந்தார். கீழக்கரையில் தைக்கா சாகிபு எனப்படும் ஆலிமிடம் மார்க்கக் கல்வி பயின்றார். மாமன் மகளை மணக்க மறுத்து வீடு துறந்தார். 1813இல் திரிசிரபுரத்தில் மௌலவி ஷாம் சாகிபிடம் தீட்சை பெற்றார். திருப்பரங்குன்றத்து மலையில் நாற்பது நாள் தனித்திருந்து தவம் செய்தார் என்றும், காடும் மலையும் கடற்கரையும் பல ஆண்டுகள் திரிந்தார் என்றும் அவர் வரலாறு கூறும். இறுதியாக இராயபுரத்தில் மூங்கிற்புதர் மண்டிய ஓரிடத்தில் தங்கி, 1838இல் அங்கேயே மறைந்தார். இறையன்பால் தன்னிலை மறந்தவரைக் குறிக்கும் 'மஸ்தான்' என்னும் சொல், பித்தரெனக் கண்டோர் சிலரும் ஞானியெனக் கண்டோர் பலரும் ஒருங்கே வழங்கிய பெயராதல் கூடும்.

இவர் தொண்டியார் என வழங்கப்பட்டமையால் அவர் வாழ்ந்த பகுதி தொண்டியார்பேட்டை ஆயிற்று, அதுவே தண்டையார்பேட்டை என மருவிற்று என்று நூல்கள் பலவற்றிலும் காண்கிறோம். இதனை ஏற்றல் இயலாது. எழும்பூர், புரசைவாக்கம், தொண்டியார்பேட்டை ஆகிய மூன்று ஊர்களைக் கிழக்கிந்தியக் கும்பினியார் பெற்றது 1693இல். குணங்குடியார் பிறப்பதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்னர். ஆகவே ஊர் அவர் பெயரைப் பெறவில்லை. எனினும் பிழையான ஊர்ப்பெயர்க் காரணமும் ஒருவகை வரலாற்றுச் சான்றே. பல சமயத்தாரும் வாழும் ஒரு பகுதியினர், தம் ஊரின் பெயர் ஓர் இசுலாமிய ஞானியிடமிருந்து வந்ததாக இருத்தல் வேண்டுமென விரும்பினர் என்பதை அது காட்டுகின்றதன்றோ?

குணங்குடியாரின் பாடல்களை நோக்குவார்க்கு முதலில் தோன்றுவது தாயுமானவரின் செல்வாக்கு. தாயுமானவர் பாடியது போலவே இவரும் பராபரக்கண்ணி பாடினார். அவர் எந்நாட்கண்ணி பாட, இவர் எக்காலக்கண்ணி பாடினார். ஆனந்தக்களிப்பும் இருவர்க்கும் பொது. இதனைப் பின்பற்றுதல் என்று மட்டும் கூறி அமைதல் போதாது. இருவர் சென்ற வழிகளையும் ஒப்பிடுக. தாயுமானவர் திரிசிரபுரத்தில் அரசவைப் பணியில் இருந்து, அவ்வூர் மௌனகுருவின் அருள் பெற்று, துறந்து, இராமநாதபுரத்தில் முடிவெய்தினார். குணங்குடியார் அந்த இராமநாதபுரச் சீமையில் தோன்றி, திரிசிரபுரத்தில் குருவை அடைந்து, வடக்கே நடந்தார். ஒருவர் முடிவெய்திய சீமை மற்றவர்க்குப் பிறப்பிடம். குருவைக் கண்ட ஊர் இருவர்க்கும் ஒன்று. பாட்டு வடிவம் ஏட்டின் வழியே மட்டும் பரவுவதன்று. அது பாடப்படும் நிலத்தின் வழியேயும் பரவும். கண்ணி என்பது இரண்டிரண்டு அடியாய் முடிந்து, ஈற்றில் இறைவனை விளிக்கும் ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பத் தருவது. நடந்து செல்வோன் மூச்சிற்கு அளவானது; ஏடின்றி மனத்தில் தங்குவது; ஒரு கண்ணி மறந்தாலும் அடுத்ததைத் தொடரலாம். பண்டாரங்களும் பக்கிரிகளும் ஒரே வடிவத்தைக் கையாண்டமைக்கு யாப்பிலேயே காரணம் உண்டு என்பது என் கருத்து.

'சமரசம்' என்னும் சொல்லின் வரலாற்றையும் ஈண்டே தொடங்குதல் வேண்டும். தாயுமானவர் சித்தர்கணம் என்னும் பகுதியில் வேதாந்தமும் சித்தாந்தமும் சமரசமுற்ற நிலையைப் போற்றுகின்றார். அஃதாவது, ஒரு சமயப் பரப்பிற்குள் நிகழ்ந்த இரு தத்துவங்களின் இணக்கமே அச்சொல்லால் குறிக்கப்பட்டது. அதே கண்ணி வடிவம் குணங்குடியாரிடம் வந்தபோது இணக்கத்தின் எல்லை விரிந்தது. முகியித்தீன் சதகம் பாடியவரே அகத்தீசர் சதகமும் பாடினார். றகுமான் கண்ணி பாடியவரே மனோன்மணிக்கண்ணியும் பாடினார்.

இதனைக் கொண்டு இருவேறு தவறான முடிவுகளுக்குச் சிலர் வருவர். அவர் பெயரளவில் மட்டுமே இசுலாமியர், உள்ளத்தால் சைவச் சித்தர் என்பது ஒன்று. சித்தர் சொற்கள் அவர்க்கு வெறும் அணியே, பொருள் முழுதும் சூபித் தத்துவமே என்பது மற்றொன்று. மனோன்மணிக்கண்ணியையே எடுத்துக்கொள்வோம். இறைவனைக் காதலியாக்கிப் பாடுதல் பாரசீகச் சூபிப் புலவரின் பழைய மரபு. தமிழ்ப் பத்தி மரபில் பெரும்பாலும் இறைவனே காதலன். ஆகவே பாடல் நிலை சூபியருடையது. ஆனால் காதலிக்கு இட்ட பெயர் மனோன்மணி. சைவர்க்கு அது சத்தியின் பெயர். யோகியர்க்கு மனம் அடங்கிய உயர்நிலையின் பெயர். நிலை ஒரு மரபினது, பெயர் மற்றொரு மரபினது. இரண்டில் எதனை நீக்கினும் பாட்டு நில்லாது. நபிகள் நாயகத்தையும் பகுதாதில் அடங்கிய முகியித்தீன் ஆண்டகையையும் உள்ளமுருகிப் போற்றியவரை இசுலாத்தினின்று பிரித்தெடுத்தல் அவர்க்குச் செய்யும் சிறப்பன்று. தம் சமயத்தில் நின்றுகொண்டே பிறர் சொல்லால் இறைவனை அழைத்தார் என்பதே உண்மை. அதுவே அவரது அருமை.

அதனை அவர் காலத்தார் எவ்வாறு ஏற்றனர்? இவ்வினாவிற்கு விடையாக ஒரு நூல் நம் கையில் உள்ளது. திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் அக்காலத்துச் சென்னைப் புலவருள் தலைசிறந்தவர், இராமாநுச கவிராயரின் மாணவர், வீரசைவர், திருக்குறள் முதலிய நூல்களை அச்சிற் கொணர்ந்தவர். அவர் குணங்குடியார்மேல் நான்மணிமாலை பாடினார். அவ்வாறே ஐயாசாமி முதலியார் என்னும் மாணாக்கர் பதிற்றுப்பத்தந்தாதி பாடினார். நான்மணிமாலை என்பது வெண்பா, கலித்துறை, விருத்தம், அகவல் என்னும் நான்கும் மாறி மாறி அந்தாதியாய் நாற்பது பாடல் வருவது. கடவுளர்க்கும் குருமார்க்கும் புரவலர்க்கும் உரிய சிற்றிலக்கியம். மூங்கிற்புதரில் இருந்த பக்கிரி புரவலர் அல்லர். பரிசில் கருதிப் பாடினார் என்று எவரும் கூற இயலாது. சிவலிங்கத்தை மார்பில் அணிந்த ஒரு புலவர், அரபுப் பெயருடைய ஒரு ஞானிக்குக் குருவின் இருக்கையை யாப்பிலக்கணப்படி அளித்தார். பிற்காலத்தில் குணங்குடியார் பாடல்களுக்கு விரிந்த உரை கண்டவரும் மா. வடிவேலு முதலியார் என்னும் இந்துப் புலவரே. நம் இலக்கிய வரலாறுகளோ குணங்குடியாரை 'இசுலாமியத் தமிழ் இலக்கியம்' என்னும் தனி இயலில் வைத்துவிட்டு, சரவணப்பெருமாளையரைப் பதிப்பாசிரியர் வரிசையில் வைக்கின்றன. இருவரையும் இணைத்த அந்த நான்மணிமாலை எந்த இயலிலும் இடமின்றி நிற்கின்றது. முதுகலை மாணவர்க்கு யாப்பு கற்பிக்கையில் நானும் நெடுங்காலம் நான்மணிமாலைக்கு வேறு எடுத்துக்காட்டுகளையே தந்துவந்தேன் என்பதை ஒப்புக்கொள்ளுதல் வேண்டும்.

குணங்குடியார் இராயபுரத்தில் வாழ்ந்த காலத்தை ஒட்டியே, 1829 அளவில், புனித இராயப்பர் ஆலயம் எழுந்தது. புனித பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர் இராயப்பர் என்பர். ஊர்ப்பெயரும் அதனடியாகத் தோன்றியது என்பது பலர் கருத்து. அதனை எழுப்பியோர் கும்பினியாரின் படகோட்டிகள். செயற்கைத் துறைமுகம் அமையாத அந்நாளில் கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிட்டன. ஆணி அறையாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே பேரலைகளைத் தாங்கி ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தன. எச்சமயத்தவராயினும் சென்னைக் கரையை மிதிக்கு முன் அப்படகோட்டிகளின் கையில் உயிரை ஒப்படைத்தே வந்தனர்.

இவ்வாறு கரையேறிய பொருள்களுள் இசையும் ஒன்று. இராமசாமி தீட்சிதர் தம் மக்களோடு மணலியில் முதலியார் குடும்பத்தாரின் ஆதரவில் வாழ்ந்தார். துபாசித் தொழிலால் கும்பினியாரோடு நெருங்கியவர் அக்குடும்பத்தினர். அத்தொடர்பால் தீட்சிதரின் மக்கள் கோட்டையில் ஐரோப்பியரின் இசைக்குழுவைக் கேட்கும் வாய்ப்புப் பெற்றனர். இளையவர் பாலுசாமி ஐரோப்பியரிடம் வயலின் பயின்றார். மூத்தவர் முத்துசாமி தீட்சிதர் அயல் மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் இயற்றினார். நோட்டுசுவரம் என வழங்கும் அவை ஏறத்தாழ நாற்பது. ஆங்கிலேயரின் அரச வாழ்த்து மெட்டில் சங்கீத சியாமளையைப் பாடியது அவற்றுள் ஒன்று. படைவீரர் நடைக்கு முழங்கிய மெட்டு தேவியின் துதியாயிற்று. இதனை விளையாட்டு முயற்சி என்பாரும் உளர், இருக்கலாம். ஆனால் கேட்டதை இகழாது தம் வழிபாட்டிற்குள் ஏற்ற செவி விளையாட்டாக வாய்ப்பதன்று. மணலியினின்றே முத்துசாமி தீட்சிதர் சிதம்பரநாத யோகியைப் பின்தொடர்ந்து காசிக்குச் சென்றார் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

திருவையாற்றை விட்டு அகலாத தியாகராசரும் முதுமையில் காஞ்சி, திருப்பதி, சென்னை எனப் பயணம் செய்தபோது, மாணவர் வீணை குப்பையரின் பொருட்டுத் திருவொற்றியூரை அடைந்து, திரிபுரசுந்தரியின்மேல் ஐந்து கீர்த்தனைகள் பாடினார். ஆரபி, கலியாணி, பேகடை, சாவேரி, சுத்தசாவேரி என்பன அவற்றின் இராகங்கள். வாழ்நாள் முழுதும் இராமனைப் பாடியவர் தெலுங்கில் சிவபெருமான் தேவியைப் பாடினார். அவருடைய கீர்த்தனைகளை ஐரோப்பிய இசைக்குறியீட்டில் எழுதி 1890களில் வெளியிடத் தொடங்கியவர் சென்னையில் அரசுப் பணி புரிந்த கத்தோலிக்கத் தமிழர் அ. மு. சின்னசாமி முதலியார். பாலுசாமி தீட்சிதரின் மகள்வயிற்றுப் பேரராகிய சுப்பராம தீட்சிதரைத் தம் குடும்பச் செல்வத்தை எழுதி வெளியிடுமாறு தூண்டியவரும் அவரே. 1904இல் எட்டயபுரத்தில் வெளிவந்த சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி அதன் பயன். கிறித்தவர் மெட்டைத் தீட்சிதர் ஏற்றதற்குக் கிறித்தவர் ஒருவர் இவ்வாறு கைம்மாறு செய்தார் எனின் அது மிகையாகாது.

இனி இராமலிங்க அடிகள். 1823இல் மருதூரில் பிறந்து, இளமையிலேயே சென்னைக்குக் கொணரப்பட்டு, ஏழுகிணற்றுப் பகுதி வீராசாமி தெருவில் வளர்ந்த அடிகள், பல ஆண்டுகள் ஒற்றியூருக்கு நடந்து சென்று வழிபட்டார். அவ்வழி இராயபுரப் பக்கமாகவே செல்வது. குணங்குடியார் மறைந்தபோது அடிகளுக்கு வயது 15. ஒருவர் மற்றவரிடம் பெற்றார் என்று கூறுதல் என் கருத்தன்று. ஒரே கடற்கரை, ஒரே தாயுமானவர் மரபு இருவர்க்கும் பின்புலமாயிருந்தது என்பதே யான் கூறுவது. ஒற்றியூரில் அடிகள் பாடிய வடிவுடை மாணிக்கமாலை நூற்றுக்கு மேற்பட்ட கட்டளைக் கலித்துறைகளால் ஆயது. எழுத்தறியும் பெருமான் மாலையும் அக்காலத்தது. இப்பாடல்களில் சமயங்கடந்த ஒருமையைத் தேடுவார் ஏமாற்றமடைவர். அவை சிவனையும் தேவியையும் மட்டுமே நோக்கிய உருக்கப் பாடல்கள்.

1858ஐ ஒட்டி அடிகள் சென்னையை நீங்கிச் சிதம்பரப் பக்கம் சென்றார். 1865இல் சமரச வேத சன்மார்க்க சங்கம் தோன்றிற்று. 1867இல் வடலூரில் தருமச்சாலை. அவ்வாண்டிலேயே தொழுவூர் வேலாயுத முதலியார் திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகளை அச்சிட்டார். ஆறுமுக நாவலர் தரப்பினர் எழுப்பிய அருட்பா, மருட்பாப் போர் அறியாதார் இலர். அது 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. அப்பெரும் பூசலில் வழக்கிற்கு உள்ளானது ஒரு கொள்கைநூல் அன்று, பாட்டு. தம் காலத்து மனிதர் ஒருவர் பாடியதைத் திருமுறை எனலாமா என்பதே வினா. பாட்டிற்கு இருந்த ஆற்றலை அதன் பகைவரே நன்கு உணர்ந்திருந்தனர்.

1872இல் சங்கத்தின் பெயரிலிருந்த 'வேத' என்னும் சொல் நீங்கி 'சுத்த' என்னும் சொல் ஏறியது. தாயுமானவரிடம் இரு தத்துவங்களின் இணக்கமாக இருந்த சமரசம், வேதத்தையும் ஆகமத்தையும் எல்லாச் சமயங்களையும் பின்னே விட்ட நிலையின் பெயராயிற்று. அடுத்த ஆண்டு நிகழ்த்திய பேருபதேசத்தில் அடிகள் தம் இளமைச் சைவப் பற்றைத் தாமே எடுத்துரைத்து, அதற்குச் சான்று முன்பு பாடிய பாடல்களே என்றும், அப்பற்று அன்றைய சிற்றறிவின் விளைவு என்றும் கூறிவிட்டார். ஒற்றியூர்ப் பாடல்களிலிருந்து வடலூர் வரை நேர்கோடு வரைய விரும்புவார்க்கு இவ்வாக்கு பெருந்தடை. அதனை மறைத்தல் நேர்மையன்று. குணங்குடியார் தம் சமயத்துள் நின்று கையை நீட்டினார். அடிகள் தம் சமயத்தைவிட்டு வெளியே நடந்தார். இரண்டையும் ஒருமை என்றே அழைக்கின்றோம். ஆனால் முன்னதில் அகத்தீசரும் முகியித்தீனும் தத்தம் பெயரோடு இருக்கின்றனர். பின்னதில் பெயர்கள் சோதியில் கரைகின்றன. இவ்வேறுபாட்டை நோக்காது இருவரையும் 'சமரசக் கவிஞர்' என ஒரே அடைமொழியால் குறித்தல் இருவர்க்கும் இழுக்கு.

அடிகளின் தீர்ப்பு அவ்வாறிருப்பினும், ஒற்றியூர் மக்கள் தம் பாட்டை அவரிடம் திருப்பித் தரவில்லை. வடிவுடை மாணிக்கமாலை இன்றும் அம்மன் சந்நிதியில் ஓதப்படுகின்றது.